குறுக்கீடு இல்லாத இரண்டு மணி நேரம்

1974 செப்டம்பர் 11 காலை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள சார்லட் விமான நிலையத்தை ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 212-ம் எண் விமானம் நெருங்கிக்கொண்டிருந்தது. தரையெங்கும் மூடுபனி. விமானிகள் இருவரும் தொழில் தெரிந்தவர்கள். ஆனால், இறங்குவதற்கு முந்தைய நிமிடங்களில் அவர்கள் அரசியல் பேசினார்கள், பழைய கார்களைப் பற்றிப் பேசினார்கள். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது அவர்கள் கவனத்தில் தங்கவில்லை. ஓடுதளத்தை எட்டச் சில மைல்கள் இருக்கும்போதே விமானம் தரையில் மோதியது. அதில் இருந்த 82 பேரில் 72 பேர் உயிரிழந்தார்கள். விமானி அறையின் குரல் பதிவைக் கேட்ட விசாரணை அதிகாரிகள், முக்கியமான கட்டங்களில் விமானிகள் உயரத்தைக் கவனிக்கத் தவறியதே காரணம் என்று எழுதினார்கள்.

இப்படி ஒரு விபத்துக்குப் பிறகு, விமானிகள் இனி கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதோடு நிறுத்தவில்லை. 1981-ல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. விமானம் ஓடுதளத்தை நோக்கி நகரும்போது, ஏறும்போது, இறங்கும்போது, பொதுவாக 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, பாதுகாப்பாகப் பறப்பதற்குத் தேவையில்லாத எந்த வேலையும் பேச்சும் விமானி அறையில் கூடாது. அந்த விதி எழுதப்பட்ட வரிசை கவனிக்க வேண்டியது. விமானிக்குத் தடை சொல்வதற்கு முன்னால் அது விமான நிறுவனத்துக்குத் தடை சொல்கிறது. பயணிகள் அடுத்துப் பிடிக்க வேண்டிய விமானத்தைப் பற்றி விசாரிப்பது, உணவுப் பொருள்களுக்குச் சொல்லிவைப்பது போன்ற அலுவலகக் காரியங்களை அந்த நேரத்தில் நிறுவனம் விமானியிடம் கேட்கவே கூடாது. ஒருவரின் கவனத்தைக் காப்பதில் அவரை வேலை வாங்குபவருக்குத்தான் முதல் பொறுப்பு என்று ஒரு நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்ட அரிய இடம் இது.

நேர மேலாண்மை என்ற பெயரில் நம்மிடம் வந்துசேரும் அறிவுரைகள் இந்தப் பொறுப்பை முழுக்க முழுக்க மறுபக்கம் தள்ளிவிடுகின்றன. அதிகாலையில் எழுந்திருங்கள், அன்றைய வேலைகளைப் பட்டியல் போடுங்கள், 25 நிமிடத்துக்கு மணி வைத்துக்கொண்டு உட்காருங்கள், செல்பேசியை அடுத்த அறையில் வையுங்கள் என்று புத்தகங்களும் பயிலரங்குகளும் சொல்கின்றன. இவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. தன் நேரம் தன் கையில் இருப்பவருக்கு இவை நன்றாகவே உதவும். ஆனால், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெரும்பாலோருக்கு நேரம் அவர்கள் கையில் இல்லை. அவர்களை யார், எப்போது, எத்தனை முறை கூப்பிடலாம் என்பதை முடிவு செய்வது மேலதிகாரி, வாட்ஸ்அப் குழு, காணொளிக் கூட்டம். நம் அலுவலகங்களில் வேலை தேங்குவதற்கு மணி நேரம் போதாதது பெரிய காரணமில்லை. இருக்கிற மணி நேரம் துண்டு துண்டாக நறுக்கப்படுவதே காரணம். நறுக்குவது நிர்வாகமாக இருக்கும்போது, அதைத் தடுக்கும் பொறுப்பைத் தனிமனிதரின் மன உறுதியிடம் ஒப்படைப்பது நியாயமும் இல்லை, பலன் தருவதும் இல்லை.

முதலில் மணிக்கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்திய இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்னார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது. மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் 1923-ல் மே தினம் கொண்டாடி அப்போது சரியாக நூறு ஆண்டு. இத்தனைக்கும் நாம் குறைவாக உழைக்கும் நாட்டினர் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, இந்தியாவில் வேலை செய்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் வாரத்துக்கு 49 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறார்கள்.

நீண்ட நேரம் உழைத்தால் கூடுதல் வேலை நடக்கும் என்பதை ஒரு நாடு போர்க்காலத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு இல்லாமல் வேலை வாங்கினார்கள். போர்முனைக்குக் குண்டுகள் போதாத நேரம் அது. தொழிலாளர்களின் உடல்நலத்தையும் உற்பத்தியையும் கவனிக்க 1915-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், எத்தனை பொருள் செய்து முடித்தார் என்று அந்தக் குழுவுக்காகச் சேகரித்த கணக்குகளை, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்காவல் மறுபடி எடுத்து ஆராய்ந்தார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரை, உழைக்கும் நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் உற்பத்தி கூடியது. அதற்கு மேல் போனால், கூடும் வேகம் தளர்ந்தது. 70 மணி நேரம் வேலை செய்த வாரத்தின் உற்பத்திக்கும் 56 மணி நேரம் வேலை செய்த வாரத்தின் உற்பத்திக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அதாவது, கடைசிப் பதினான்கு மணி நேரம் ஏறக்குறைய வீண். நாட்டுக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர்களின் கணக்கு இது. சோம்பேறிகளின் கணக்கு என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. உடலுக்கு என்ன ஆகிறது என்பதையும் 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கணக்கிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பதோடு தொடர்புடைய பக்கவாதம், இதய நோய்களால் 2016-ல் மட்டும் சுமார் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள்.

ஆக, மணி நேரத்தைக் கூட்டுவதில் பெரிய லாபம் கிடையாது. பிறகு எங்கே தேடுவது? இருக்கும் எட்டு மணி நேரத்துக்குள்தான். ஒரு சிறிய நிறுவனத்தின் கணக்காளர் மேசையைப் பாருங்கள். மாதம் 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கையில் ஒரு தொகை வந்திருக்கிறது. எந்த பில்லுக்கு வந்தது என்று தெரியவில்லை. இரண்டு பில்களின் தொகையைக் கூட்டி, அதில் பிடித்தம் போக வந்திருக்கலாம் என்று ஊகித்து, மனதுக்குள் மூன்று எண்களை வைத்துக்கொண்டு நான்காவதைத் தேடுகிறார். அப்போது செல்பேசியில், “அந்த ஃபைல் அனுப்பிட்டீங்களா?” என்று ஒரு செய்தி. பதில் எழுத அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால், திரும்பி வரும்போது அந்த மூன்று எண்களும் மனதில் இல்லை. முதல் பில்லிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கேட்டவரின் கணக்கில் செலவு அரை நிமிடம். கொடுத்தவரின் கணக்கில் அது கால் மணி நேரம். கேட்பவர் கண்ணுக்கு இந்தச் செலவு தெரியாது என்பதால்தான் அவர் தயங்காமல் கேட்கிறார்.

இந்த இழப்புக்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததுக்குப் போகும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் புதிய வேலையின் தரம் குறைகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் சோதனைகள் மூலம் காட்டினார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், அலுவலகப் பணியாளர்களை அவர்கள் மேசையிலேயே வைத்து ஆண்டுக்கணக்கில் கவனித்தவர். 2004-ல் ஒரு திரையில் ஒருவர் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்திருந்தார் என்றால், பிந்தைய ஆண்டுகளின் அளவீடுகளில் அது 47 விநாடியாகச் சுருங்கியிருந்தது. அதே குளோரியா மார்க்கின் 2008 ஆய்வு ஒன்று என் வாதத்துக்கு எதிராகப் பேசுவதுபோல் இருக்கிறது. மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் வேலையில் குறுக்கீட்டுக்கு உள்ளானவர்கள், உள்ளாகாதவர்களைவிட வேகமாகவே முடித்தார்கள். தரமும் குறையவில்லை. அப்படியானால் குறுக்கீட்டால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். அந்த வேகத்துக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். மன அழுத்தம், எரிச்சல், நேர நெருக்கடி உணர்வு, கூடுதல் முயற்சி எல்லாமே அவர்களிடம் அதிகமாகப் பதிவாயின. குறுக்கீட்டை மனிதர் சமாளித்துவிடுகிறார் என்பது உண்மை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது அவர் நிலை என்ன என்பது அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. தவிர, அந்தச் சோதனையில் இருந்தது பழக்கமான, எளிய வேலை. பிழை செய்தால் ஆள் சாகும் வேலையில் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதை ஜொஹானா வெஸ்ட்புரூக் தலைமையிலான குழு அருகில் நின்று கவனித்தது. 2010-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் மருந்து கொடுக்கும்போது யாராவது குறுக்கிட்டார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டோடும், பின்பற்ற வேண்டிய நடைமுறையில் தவறுகள் 12.1 சதவீதமும், மருந்து, அளவு போன்ற சிகிச்சைத் தவறுகள் 12.7 சதவீதமும் கூடின. ஒரு தடவை மருந்து கொடுக்கும்போது நான்கு முறை குறுக்கிடப்பட்டால், கடுமையான தவறுக்கான வாய்ப்பு இரு மடங்கானது. இந்தச் செவிலியர்கள் பயிற்சி பெற்றவர்கள், பொறுப்பானவர்கள். கூப்பிட்டால் திரும்புவது அவர்கள் தொழிலின் இயல்பு. அந்த நல்ல இயல்பே மருந்துச் சீட்டின் மேல் இருந்த கண்ணை எடுக்கவைத்தது. பல நாடுகளின் மருத்துவமனைகள், மருந்து கொடுக்கும் செவிலியருக்கு ‘தொந்தரவு செய்யாதீர்’ என்று எழுதிய மேலங்கியைப் போட்டுப் பார்த்தன. கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினால்தான் தவறு குறையும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். அதிகாரியையும் நிர்வாகத்தையும் குறை சொல்கிறீர்களே, கையில் இருக்கும் செல்பேசியில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இருப்பது யார்? யாரும் கூப்பிடாமலே வேலையை விட்டு எழுந்து போவது யார்? இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. கவனம் முறியும் தடவைகளில் கணிசமான பங்கு, நாமே முறித்துக்கொள்வது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால், லாரா டேபிஷ், குளோரியா மார்க் உள்ளிட்டோர் 2011-ல் இதைத் தோண்டிப் பார்த்தபோது இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. ஒரு மணி நேரத்தில் வெளியிலிருந்து குறுக்கீடு அதிகமாக இருந்தால், அடுத்த மணி நேரத்தில் அந்த நபர் தன்னைத்தானே குறுக்கிட்டுக்கொள்வதும் அதிகமாகிறது. எப்படியும் யாராவது கூப்பிடத்தான் போகிறார்கள் என்று பழகிய மனம், கூப்பிடாதபோதும் எழுந்து பார்க்கிறது. சிதறல் தனிமனிதரின் பழக்கமாக ஆவதற்கு முன் அலுவலகத்தின் பழக்கமாக இருந்திருக்கிறது.

இதற்கு வெளிநாட்டு ஆய்வுதான் வேண்டும் என்றில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு. டிஎன்பிஎஸ்சி குரூப் 2, குரூப் 4 தேர்வுகளுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் தயாராகிறவர்கள் காலையிலேயே பையோடு வந்து இடம் பிடிக்கிறார்கள். பையில் சமச்சீர் பாடநூல்கள், கோடு போட்ட குறிப்பேடு, தண்ணீர் பாட்டில், மதியத்துக்குச் சாப்பாட்டு டப்பா. நூலகத்தின் புத்தகம் எதையும் அவர்கள் எடுப்பதில்லை. வீட்டில் இருக்கும் அதே புத்தகத்தைப் படிக்கப் பேருந்து ஏறி வருகிறார்கள். மாவட்ட மைய நூலகங்களிலும் இதே காட்சிதான். இவர்களுக்கு மன உறுதி இல்லையா? ஆண்டுக்கணக்கில் தேர்வுக்குத் தயாராகும் இளைஞரிடம் மன உறுதியைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி கிடையாது. வீட்டில் தொலைக்காட்சி ஓடும், விருந்தாளி வருவார், கடைக்குப் போய் வரச் சொல்வார்கள். யாரும் கூப்பிடாத, எல்லோரும் குனிந்து படிக்கும் ஓர் இடத்தில் அதே ஆள் ஐந்து மணி நேரம் அசையாமல் உட்காருகிறார். கவனத்துக்கு இடம் தேவை, ஏற்பாடு தேவை என்று தங்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள் அவர்கள். அரசு பணம் போட்டு அந்த இடத்தைக் கட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். தேர்வில் வென்று அவர் அரசுப் பணிக்குப் போனதும், அப்படி ஒரு மணி நேரம்கூட அவருக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வேதனையாகப் படுகிறது.

அலுவலகத்தில் இதைச் செய்ய முடியுமா? லெஸ்லி பெர்லோ என்ற ஆய்வாளர் 1990-களில் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர் குழுவோடு மாதக்கணக்கில் இருந்து கவனித்தார். பகலெல்லாம் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக் குறுக்கிடுவது, கூட்டம், திடீர் நெருக்கடி. யோசித்துச் செய்ய வேண்டிய அசல் வேலையை விடியற்காலையிலும் இரவிலும் விடுமுறையிலும் செய்தார்கள். பெர்லோ அவர்களோடு பேசி ஓர் ஏற்பாடு செய்தார். வாரத்தில் மூன்று நாள், நண்பகல் வரை யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. மேலாளருக்கும் இது பொருந்தும். வேலை முன்னேறியது, அந்தக் குழு தன் தயாரிப்பைக் குறித்த நாளில் முடித்தது. ஆனால், பெர்லோ போன பிறகு அந்தப் பழக்கம் தேய்ந்துவிட்டது. காரணம், பதவி உயர்வும் பாராட்டும் முன்போலவே, நெருக்கடியில் ஓடி வந்து தீயணைக்கிறவருக்கும் நள்ளிரவு வரை இருக்கையில் தெரிகிறவருக்குமே போய்க்கொண்டிருந்தன. அமைதியாக வேலை செய்து நெருக்கடியே வராமல் பார்த்துக்கொண்டவரை யாரும் கவனிக்கவில்லை. இந்தத் தோல்வி எனக்கு அந்த வெற்றியைவிட அதிகம் சொல்கிறது. எதைப் பாராட்டுகிறோம் என்பதை மாற்றாமல் நேரத்தை மட்டும் ஒதுக்கினால் அது நிலைக்காது.

தனியார் மென்பொருள் நிறுவனத்துக்குச் சரி, மக்கள் வந்து நிற்கும் அரசு அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்வதா என்று கேட்பார்கள். மக்களை நிற்கவைத்துவிட்டு மேசையில் தூங்குகிறார்கள் என்ற கோபம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால், சாதிச் சான்றிதழுக்கு வந்து நிற்பவர் குறுக்கீடு ஆக மாட்டார். அவருக்கான வேலைதான் அலுவலகத்தின் அசல் வேலை. அவருடைய மனுவைப் படித்துக்கொண்டிருக்கும்போது மேலிருந்து கேட்கப்படும் புள்ளிவிவரமே குறுக்கீடு. நம் நிர்வாகத்துக்கு வேலையைப் பகுத்து வைக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். வருவாய்க் கணக்குகளைத் தணிக்கை செய்ய ஆண்டுக்கொரு முறை ஜமாபந்தி. இன்ன வேலைக்கு இன்ன நேரம் என்று ஒதுக்கி, அதை ஊரறியச் சொல்லி, அதிகாரிகளையும் அதற்குக் கட்டுப்படுத்தும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. வாட்ஸ்அப் வந்த பிறகு, மேலிருந்து கீழே கேட்கும் விஷயத்தில் மட்டும் அந்த ஒழுங்கு போய்விட்டது. முன்பு ஒரு தகவல் வேண்டுமென்றால் கடிதம் தயாரித்து, கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்க்க வேண்டும். அந்தச் சிரமமே, உண்மையில் இது தேவையா என்று யோசிக்க வைத்தது. இன்று குழுவில் ஒரு வரி போட்டால் போதும். ‘மிக அவசரம், இன்று மாலை 4 மணிக்குள்’ என்று போடுவதற்கு எந்தச் செலவும் இல்லாததால் எல்லாமே மிக அவசரம் ஆகிவிட்டது.

இந்த நோயை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் அரசுப் பள்ளி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியரின் வாரப் பணி நேரத்தை 45 மணி நேரம் என்று சொல்லும்போது, பாடத்துக்குத் தயாராகும் நேரத்தையும் அதில் சேர்த்தே எழுதியிருக்கிறது. அதே சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு கல்விசாரா வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆசிரியரின் நேரம் மாணவருக்கு உரியது என்று சட்டம் இவ்வளவு கவனமாக வேலி கட்டியிருக்கிறது. ஆனால், எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் செய்யும் பதிவுகளும், குழுவில் கேட்கப்படும் பட்டியல்களும், படம் எடுத்து அனுப்பச் சொல்லும் நிகழ்ச்சிகளும் பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. ஆசிரியரை வேறு ஊருக்கு அனுப்பினால்தான் சட்ட மீறல் என்று நினைக்கிறோம். வகுப்பறையில் நின்றபடியே அவர் செல்பேசித் திரைக்குள் அனுப்பப்படுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆறாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொடுக்கிறார். வெவ்வேறு பகுதி எண்களை ஏன் சமமாக்க வேண்டும் என்று ஒரு குழந்தைக்குப் பிடிபடப்போகும் நேரத்தில் அறைக்கு வெளியே இருந்து தலைமையாசிரியர், “டீச்சர், அந்த ஆதார் விவரம் உடனே வேணுமாம்” என்கிறார். ஒரு ஆசிரியரின் பத்து நிமிடம் அங்கே போவதாகத் தோன்றும். அந்த அறையில் முப்பது குழந்தைகள் இருந்தால் போவது முந்நூறு நிமிடம்.

இன்னொரு மறுப்பும் உண்டு. பகலில் தொந்தரவு என்றால் மாலையில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்து முடித்துவிட்டுப் போகலாமே, நல்ல ஊழியர்கள் அப்படித்தானே செய்கிறார்கள்? செய்கிறார்கள்தான். யாரால் செய்ய முடிகிறது என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். மாலை ஆறரைக்குப் பிறகு அலுவலகத்தில் இருக்க முடிகிற ஆணின் வீட்டில், பெரும்பாலும் ஒரு பெண் அடுப்படியில் நிற்கிறார். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்தக் கூடுதல் நேரம் கிடையாது. பள்ளி விட்டு வரும் குழந்தைக்கு, மாவரைப்பதற்கு, மாமியாரின் மாத்திரைக்கு அவர் ஓட வேண்டும். வீட்டு நேரமும் துண்டு துண்டானதுதான். பால் பொங்கும்போது வீட்டுப்பாடச் சந்தேகம் வரும். அதனால், யாரும் கூப்பிடாத நேரம் அவருக்கு எங்காவது கிடைக்குமென்றால் அது அலுவலகத்தின் எட்டு மணி நேரத்துக்குள்தான். அதையும் நறுக்கிவிட்டு, மாலையில் இருந்து முடிப்பவரைத் திறமைசாலி என்று எழுதினால், அந்தத் திறமைப் பட்டியலில் பெண்கள் பின்னால் தள்ளப்படுவது தற்செயல் ஆகாது. வேலை நேரத்துக்குள் கவனத்தைக் காப்பது ஒரு சமத்துவக் கோரிக்கையும்கூட.

பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரம் முடிந்த பிறகு வரும் அழைப்புகளிலிருந்து விலகி நிற்கும் உரிமையைச் சட்டம் பேசுகிறது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்திருக்கிறார். இவை வரவேற்க வேண்டியவை. ஆனால், இவை காப்பது மாலை ஆறு மணிக்குப் பிந்தைய நேரத்தை. காலை பத்து முதல் மாலை ஆறு வரையிலான நேரத்துக்கு இன்னும் காவல் இல்லை. அதைச் சட்டத்தால் காக்க முடியுமா என்று ஐயப்படுகிறவர்கள், தமிழ்நாடு 2021-ல் செய்ததை நினைத்துப் பார்க்கலாம். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. அதற்கு முன்பு, உட்கார்ந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்பதே பொது நம்பிக்கை. வேலை வாங்குகிறவரின் நல்ல மனதை நம்பி இருந்தவரை நாற்காலி வரவில்லை.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் இல்லை. அலுவலகங்களில் காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை ஆய்வுக் கூட்டமோ காணொளிக் கூட்டமோ வைக்கக் கூடாது, தகவல் கேட்டு வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது. பள்ளிகளில் முதல் இரண்டு பாடவேளைகளுக்கு இதே விதி. உண்மையிலேயே அவசரம் என்றால், வெள்ளமோ தீ விபத்தோ சட்டம் ஒழுங்கோ எதுவானாலும், தொலைபேசியில் நேரடியாகக் கூப்பிடட்டும். கூப்பிட்டுப் பேசுவதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும் என்பதாலேயே அவசரமில்லாத பலவும் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒருவர் முறைவைத்து அந்த அழைப்புகளை எடுக்கலாம். ஒரு முறை கொடுத்த புள்ளிவிவரத்தை அதே துறை மறுபடி கேட்கக் கூடாது. பணி மதிப்பீட்டில், குழுவில் முதலில் பதில் போட்டவர் யார் என்பதை விட்டுவிட்டு, முடித்த கோப்பு எத்தனை, மேல்முறையீட்டில் திரும்பி வந்தது எத்தனை என்று பார்க்க வேண்டும். பெர்லோவின் பொறியாளர்கள் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் இதில் சமரசம் கூடாது.

இதை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் கொண்டுவரச் சொல்லவில்லை. ஒரு மாவட்டம், ஒரு துறை, மூன்று மாதம் போதும். வருவாய்த் துறையிலிருந்து தொடங்கலாம். இணையவழி முறைகளில் ஒவ்வொரு கோப்பும் எந்த மேசைக்கு எப்போது வந்தது, எப்போது நகர்ந்தது என்று ஏற்கெனவே பதிவாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே, பட்டா மாறுதலும் சான்றிதழும் முன்பு எத்தனை நாளில் முடிந்தன, இப்போது எத்தனை நாளில் முடிகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தனிச் செலவு எதுவும் ஆகாது. பலன் இல்லையென்றால் கைவிட்டுவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. அந்த இரண்டு மணி நேரத்தில் ஆட்சியர் அலுவலகத்திலிருந்தும் தலைமைச் செயலகத்திலிருந்தும் யாரும் குழுவில் தகவல் கேட்கக் கூடாது என்பதை, ஊழியர்களுக்கான அறிவுரைகளுக்கு முன்னால், உத்தரவின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்.